கசிவுக்காரர் உட்கார்ந்துவிட்டார்

குடிநீர் வாரியத்தில் முப்பத்தோரு வருடம் அவர் செய்த வேலை, தரைக்கடியில் ஓடும் குழாய்களில் கசிவு கண்டுபிடிப்பது. அதனால் தெருவுக்கே அவர் கசிவுக்காரர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு நின்றுபோனது. ஆயுதம் என்று பார்த்தால் ஓர் இரும்புக் கம்பி, அதன் தலையில் கிண்ணம் போல ஒரு மூடி, அவ்வளவுதான். கம்பியின் நுனியைத் தார்ச்சாலையில் ஊன்றுவார், முழங்காலிட்டு மூடியில் காதை வைப்பார், கண்ணை மூடிக்கொள்வார். பின்னால் பேருந்து ஹாரன் அடிக்கும், ஓட்டுநர் இறங்கி வந்து அவருடைய பரம்பரையையே விசாரிப்பார், மனிதர் அசைய மாட்டார். "இங்க இல்ல, நாலடி தள்ளித் தோண்டுங்க" என்பார். நாலடி தள்ளித் தோண்டினால் தண்ணீர் பீறிட்டுக்கொண்டு வரும்.

இந்த உத்தியோகத்தில் அவர் சம்பாதித்தது இரண்டு. ஒன்று, தேய்ந்துபோன முட்டிகள். இன்னொன்று, யாரையும் நம்பாத குணம். கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுத்தால் எண்ணுவார், மருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு மருத்துவரிடமே "இது எதுக்கு, இது இல்லாட்டி என்ன ஆகும்?" என்று குடைவார். ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குடைச்சல் முழுவதும் அவர் குடியிருந்த அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்தது. சுவருக்கு வர்ணம் பூச வந்த ஒப்பந்தக்காரரைக் குடியிருப்போர் கூட்டத்தில் நிற்க வைத்து நான்கே நான்கு கேள்வி கேட்டார். மனிதர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சொன்ன தொகையில் கால்வாசியைத் தானாகவே குறைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டானது. கசிவுக்காரர் கேள்வி கேட்க எழுந்தால், திருப்தியாகும்வரை உட்கார மாட்டார். கொள்கை ஒன்றும் இல்லை. உட்கார்ந்துவிட்டால் மறுபடி எழுந்திருக்க முட்டி ஒத்துழைக்காது என்பதுதான் விஷயம். ஆனால் மற்றவர்களுக்கு அது ஓர் அடையாளமாகிவிட்டது. கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறவர்கள் வாசலில் நின்று, "கசிவுக்காரர் உட்கார்ந்துட்டாரா?" என்று கேட்பார்கள். உட்கார்ந்துவிட்டார் என்றால் கையெழுத்துப் போடப் பேனாவை எடுப்பார்கள். நாற்பது குடும்பத்தின் மூளைக்கும் சேர்த்து ஒரு மனிதரின் முட்டி வேலை செய்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்டவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே ஆள் அவருடைய மைத்துனன்.

மனைவியின் தம்பி அவன். தாய் இறந்தபோது அவனுக்கு ஆறு வயது. அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பையில் இரண்டு சட்டையோடு வந்தவன். இவர்களுக்குக் குழந்தை இல்லை. பள்ளி நூலகத்தில் கிழிந்த புத்தகங்களை ஒட்டி அடுக்கும் வேலை பார்த்த அக்காவும், ரோட்டில் மண்டியிட்டு வேலை பார்த்த அத்தானும் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஆடினார்கள். அவனுக்குக் காய்ச்சல் வந்தால் இவருக்கு வேலை ஓடாது. மூன்று படிப்பில் சேர்ந்து மூன்றையும் பாதியில் விட்டான். மூன்றுக்கும் இவர்தான் பணம் கட்டினார். ஒரு கேள்வி கேட்கவில்லை. மருத்துவரையே குடைந்த மனிதர் இவனிடம் மட்டும் வாய் திறக்கவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

அந்த மைத்துனனுக்குக் கடைசியாக ஒரு வேலை நிலைத்தது. கணினிக்குள் மட்டுமே இருக்கும் கிரிப்டோ நாணயத்தின் மேல் பத்திரம் போட்டு விற்கும் கம்பெனி அது. வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பினான்.

"அத்தான், உங்களுக்குப் புரியற மாதிரியே சொல்றேன். இது ஒரு குழாய். நீங்க குடுக்கிற பணத்துல கம்பெனி நாணயம் வாங்கி ஒரு இடத்துல பூட்டி வைக்கும். பூட்டி வச்ச நாணயத்துக்கு, அது ஓடற கணினி வலைப்பின்னல்ல இருந்து ஒரு வருமானம் வரும். வர்றதை அப்படியே உங்க கையில கொண்டாந்து விடற குழாய்தான் இந்தப் பத்திரம்."

"குழாய்னா கசியுமே மாப்ள."

"அதைத்தான் நீங்க வந்து கேக்கணும்ங்கறேன்! அடுத்த வாரம் சமூகக்கூடத்துல கூட்டம் போடறோம். பெரிய ஆளுங்க வர்றாங்க. நீங்க எந்திரிச்சு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேளுங்க அத்தான். நீங்க கேட்டாத்தான் அவங்களும் ஒழுங்கா இருப்பாங்க."

கசிவுக்காரருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. ஓய்வு பெற்ற மனிதனை யாராவது 'நீங்கள் வந்தால்தான் ஆகும்' என்று சொன்னால் என்ன ஆகும் என்பது ஓய்வு பெற்றவர்களுக்குத்தான் தெரியும். ஒரு வாரம் உட்கார்ந்து கேள்வி தயாரித்தார்.

கூட்டத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் மேடையிலிருந்து விளக்கினார். கசிவுக்காரர் முன்வரிசை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். 

"வட்டி வருஷத்துக்கு நூத்துக்கு ஒம்பதுன்னு போட்டிருக்கீங்க. அது நிலையா, இல்ல ஏறி இறங்குமா?"

"ஏறி இறங்கலாம் ஐயா. ஆனா ஒம்பதுக்குக் குறையாம குடுக்கிறதா எழுத்துல இருக்கு. பக்கம் மூணு."

"பணம் உள்ள வரும்போது கட்டணம்?"

"கிடையாது."

"வெளிய எடுக்கும்போது?"

"ரெண்டு வருஷம் முடிஞ்சா கிடையாது. அதுக்குள்ள எடுத்தா நூத்துக்கு ஒண்ணு."

"நடுவுல? நாணயத்தைப் பூட்டி வைக்கிறவங்க, வாங்கி விக்கிறவங்க, இவங்கல்லாம் எங்களுக்கு வர்ற வட்டியில கை வைப்பாங்களா?"

"வட்டியில ஒரு பைசா கை வைக்க மாட்டோம் ஐயா. பக்கம் ஏழு பாருங்க."

பக்கம் ஏழைப் பார்த்தார். அப்படியேதான் இருந்தது. கசிவுக்காரர் தலையை ஆட்டிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் நாற்காலிகள் கிரீச்சிட்டன, ஃபாரங்கள் கைமாறின. கீழ்த்தளத்தில் படிக்கட்டுக்கு அடியில் மெஷின் போட்டிருந்த தையல்காரம்மா, பிரதான சாலையில் ஒரு கடை எடுக்கப் பதினாறு வருடமாகச் சேர்த்து வைத்திருந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தாள். கசிவுக்காரர் தம் ஓய்வுப் பணத்தில் பாதியைப் போட்டார். "நானும் போட்டிருக்கேன் அத்தான்" என்று மைத்துனன் தன் பத்திரத்தையும் காட்டினான்.

அதன் பிறகு காரில் கூட்டிக்கொண்டு போய் இன்னும் இரண்டு கூடங்களில் கேள்வி கேட்க வைத்தான். இவரும் தலை சீவி, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனார்.

அவர் கேட்ட நான்கும் நல்ல கேள்விகள். இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அவர் தொழிலில் ஊறிப்போன ஒரு பழக்கம் இருந்தது. வாரியத்தில் குழாய் ஒரு பிரிவு, தொட்டி வேறு பிரிவு. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைக் குழாய்க்காரர்கள் கேட்க மாட்டார்கள். கேட்டால் தொட்டிக்காரர்களுக்குக் கோபம் வரும். முப்பத்தோரு வருடத்தில் அவர் ஒரு தொட்டியின் ஏணியில்கூடக் கால் வைத்ததில்லை. அதனால் அந்தக் கூடத்திலும் குழாயின் இந்த முனையில் என்ன பிடிக்கிறார்கள், அந்த முனையில் என்ன பிடிக்கிறார்கள், நடுவில் எங்கே ஒழுகுகிறது என்று கேட்டாரே தவிர, தொட்டியைப் பற்றி அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

இரண்டு வருடம் வட்டி ஒழுங்காக வந்தது. பிறகு ஒரு நாள் காலை தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு மாடி ஏறி வந்தாள். கையில் கம்பெனி அனுப்பிய புதுப்பிப்பு ஃபாரம். இன்னும் ஐந்து வருடத்துக்குப் பணத்தை எடுக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால் வட்டி பத்தாகும் என்று இருந்தது.

"அண்ணே, எனக்கு இங்கிலீஷும் தெரியாது, வட்டிக்கணக்கும் தெரியாது. அளவு மட்டும் தெரியும். பத்திரம் வாங்கினப்ப அதுல 'பத்திரம் ஒண்ணுக்கு நாணயம் நூறு'ன்னு போட்டிருந்திச்சு. இந்த ஃபாரத்துல எழுபத்திரெண்டுன்னு போட்டிருக்கு. துணின்னா தண்ணியில போட்டா சுருங்கும். இது எப்படிண்ணே சுருங்கிச்சு?"

கசிவுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தம் பத்திரத்தை எடுத்தார். அதிலும் நூறு. தமக்கு வந்த ஃபாரத்தைத் தேடி எடுத்தார். அதிலும் எழுபத்திரெண்டு. மாதாமாதம் வந்த தாளில் பத்திரத்தின் மதிப்பைப் பணமாக மட்டும் போட்டிருந்தார்கள். நாணயத்தின் விலை ஏறிக்கொண்டிருந்ததால் மதிப்பு குறையாமல் தெரிந்தது. எத்தனை நாணயம் என்று ஒரு மாதம்கூடப் போடவில்லை. அன்று மத்தியானம் முழுவதும் ஒப்பந்தத்தைப் படித்தார். நாற்பத்தோராவது பக்கத்தில், பொடி எழுத்தில் கிடைத்தது. கம்பெனியின் நிர்வாகக் கட்டணம் வட்டியிலிருந்து எடுக்கப்படாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பத்திரத்துக்குப் பின்னால் இருக்கும் நாணயத்தில் இரண்டைக் கழித்துக்கொள்ளும். வருமானம் ஒன்பதுக்குக் குறைந்தால், அந்தக் குறையையும் அதே நாணயத்தை விற்று நிரப்பும். ஃபாரத்தின் பின்பக்கக் கணக்குப்படி வருமானம் வருடத்துக்கு நூற்றுக்கு மூன்றுதான் வந்திருந்தது. இரண்டு வருடமாக இவர்கள் 'வட்டி, வட்டி' என்று வாங்கித் தின்றதில் பெரும்பங்கு இவர்களுடைய சொந்த முதல்.

'பையனுக்குத் தெரிஞ்சிருக்காது. அவனையும் ஏமாத்திட்டாங்க' என்றுதான் முதலில் நினைத்தார். நம்புங்கள், அப்படித்தான் நினைத்தார். அவனைக் காப்பாற்ற வேண்டும் என்ற பதற்றத்தில்தான் பேருந்து பிடித்துக் கம்பெனிக்குப் போனார்.

மைத்துனன் வெளியே போயிருந்தான். வரவேற்பில் இருந்த பெண் இவரைப் பார்த்ததும் எழுந்தே விட்டாள்.

"சார்! நீங்கதானே அத்தான்?"

கசிவுக்காரருக்கு விளங்கவில்லை. "யாரும்மா?"

"எங்க பயிற்சியில உங்க வீடியோதான் சார் போடுவாங்க! உங்களை நேர்ல பார்ப்பேன்னு நினைக்கவே இல்லை" என்று சொல்லிச் சிரித்தபடி கணினித் திரையை அவர் பக்கம் திருப்பினாள். பாவம், நல்ல பெண்.

திரையில் சமூகக்கூடம். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு தாம் எழுவதைப் பார்த்தார். நான்கு கேள்வியும் கேட்டார். தலையை ஆட்டினார். முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அங்கே படம் அப்படியே நின்றது. குரல் ஒன்று பாடம் நடத்தியது. அந்தக் குரலுக்கு 'அ' எழுதக் கற்றுக்கொடுத்தவரே இவர்தான்.

"இதுக்குப் பேர் 'அத்தான் முறை'. ஒவ்வொரு ஏரியாவுலயும் எதையும் நம்பாத ஆள் ஒருத்தர் இருப்பார். அவரைக் கண்டுபிடிங்க. அவருக்கு மைக் குடுங்க. குழாயைப் பத்தி எவ்வளவு வேணா கேக்கட்டும். நாணய எண்ணிக்கை பத்திக் கேக்க மாட்டாங்க. அவர் உட்கார்ற இந்த இடம் முக்கியம். அரை நிமிஷம் பேசாம இருங்க. அப்புறம் ஃபாரம் குடுங்க."

"இப்ப ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு அத்தான் பிடிச்சாத்தான் சார் எங்களுக்கு ஊக்கத்தொகையே" என்றாள் அந்தப் பெண். "நீங்கதான் முதல் அத்தான்!"

காதை வைத்துப் பிழைத்த மனிதர் காதிலேயே பூச்சுற்றிவிட்டான். பணம் போனது கூட அந்த நேரத்தில் பெரிதாகத் தோன்றவில்லை அவருக்கு. இருபத்தைந்து வருடமாக வீட்டுக்குள் கேட்ட ஒரு சொல், காய்ச்சலில் முனகிய சொல், கல்யாண மேடையில் காலைத் தொட்டுக்கொண்டு சொன்ன சொல், அதை எடுத்து ஊக்கத்தொகை வாங்கும் வித்தைக்குப் பெயராக வைத்துவிட்டானே என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மைத்துனன் வந்தான். திரையைப் பார்த்தான், அத்தானைப் பார்த்தான். முழங்கையைப் பிடித்து மாடிப்படி ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"அத்தான், கத்தாதீங்க."

"நான் கத்தலையே. நாப்பத்தோராம் பக்கம் உனக்குத் தெரியுமா?"

அவன் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டான்.

"உன் பத்திரத்தைக் காட்டினியே?"

"அது... காட்டறதுக்குன்னு கம்பெனி ஆளுங்க எல்லாருக்கும் ஒண்ணு அடிச்சுத் தர்றது." சட்டென்று குரலைத் தாழ்த்தினான். "நாளன்னிக்குப் புதுப்பிப்புக் கூட்டம் அத்தான். உங்க கட்டடத்து ஆளுங்க எல்லாரும் நீங்க என்ன பண்றீங்கன்னு பார்த்துட்டு இருக்காங்க. இதுமட்டும் முடிஞ்சா நான் கிளை மேலாளர். சும்மா வந்து ரெண்டு கேள்வி கேட்டுட்டு உட்காருங்க. உங்க பணத்தை மட்டும் வாங்கின அன்னிக்கு இருந்த நூறு கணக்குக்கே நான் வெளிய எடுத்துத் தர்றேன். சத்தியமா."

"மத்தவங்களுது?"

"மத்தவங்க நமக்கு யாரு அத்தான்?"

கசிவுக்காரர் அவன் பிடியிலிருந்து முழங்கையை விடுவித்துக்கொண்டார். படிகளில் இறங்கும்போது முட்டி இரண்டும் உயிரை எடுத்தன. பிடித்துக்கொள்ள அவன் கை நீட்டினான். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் மனைவியிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். மடித்த சட்டையை உதறி மறுபடி மடித்தாள்.

"நம்ம பணம் மட்டும் வந்துடுமா?"

"வரும்னு சொல்றான்."

"தையல்காரம்மா பணம்?"

"வராது. நான் உட்கார்ந்தா அவளும் அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுடுவா."

"அவளைக் கூட்டத்துக்குப் போன்னு சொன்னது நான்" என்றாள். அன்று சமையலறையில் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாக விழுந்தன.

புதுப்பிப்புக் கூட்டத்தன்று கூடம் நிரம்பி வழிந்தது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு ஃபாரம், ஒரு பேனா. அதே கோட்டு. மேடையின் படி ஓரத்தில் மைத்துனன். வட்டி பத்து என்று சொல்லி முடித்ததும், மைக் யாரும் கேட்காமலே கசிவுக்காரர் கைக்கு வந்தது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஒரே கேள்விதான். வாங்கினப்ப ஒரு பத்திரத்துக்குப் பின்னாடி நூறு நாணயம் இருந்தது. இன்னைக்கு எத்தனை இருக்கு?"

கோட்டுக்காரர் புன்னகை மாறாமல், "நல்ல கேள்வி ஐயா. உங்க பத்திரத்தோட மதிப்பு குறையவே இல்லைங்கிறதை..." என்று பூசி மெழுக ஆரம்பித்தார்.

"மதிப்பைக் கேக்கலைங்க. எத்தனை?"

"அது தொழில்நுட்ப விஷயம். கூட்டம் முடிஞ்சதும் தனியா விளக்கறோம். நன்றி. உட்காருங்க ஐயா."

அவர் உட்காரவில்லை.

"எழுபத்திரெண்டு. நாப்பத்தோராம் பக்கம்" என்றார். "நமக்கு வந்த வட்டியில மூணுல ரெண்டு பங்கு நம்ம முதலை வித்துக் குடுத்தது. இதுக்கு மேல அஞ்சு வருஷம் பூட்டினா மிச்சமும் இப்படியே போயிடும்."

காகிதங்கள் புரளும் சத்தம் கேட்டது. கோட்டுக்காரர் மறுபடியும் உட்காரச் சொன்னார். மூன்றாவது முறை மைத்துனனே இறங்கி வந்தான். "அத்தான், முட்டி வலிக்கும், உட்காருங்க" என்று எல்லோருக்கும் கேட்கும்படி பாசமாகச் சொன்னான். தோளில் கை வைத்து அழுத்தவும் செய்தான். வலி உண்மையிலேயே தொடைவரை ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த மனைவி, தினமும் 'உட்காருங்க, உட்காருங்க' என்று அவரை நச்சரிக்கிறவள், தம்பியின் கையை எடுத்து அப்பால் விட்டாள்.

"உட்காராதீங்க" என்றாள்.

"அக்கா" என்றான் அவன். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

யாரும் பேனாவை எடுக்கவில்லை. ஃபாரங்கள் நாற்காலிகளிலேயே கிடந்தன. சிலர் எழுந்து மேடையை நோக்கிக் கத்திக்கொண்டு போனார்கள். கோட்டுக்காரர் பின்வாசல் பக்கம் நகர்ந்தார். மைத்துனன் எப்போது மறைந்தான் என்று தெரியவில்லை. கோட்டுக்காரரே நழுவிவிட்ட பிறகு, மிச்சமிருக்கும் எழுபத்திரெண்டு நாணயமாவது கைக்கு வருமா என்பதற்கே இனி வக்கீலும் வருடங்களும் வேண்டும். அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

கூட்டம் கலையும்போது தையல்காரம்மா முன்வரிசைக்கு வந்தாள். ஃபாரத்தை நான்காக மடித்து உள்ளங்கையில் வைத்திருந்தாள். கோபமாக இருந்திருந்தால் அவரால் தாங்கிக்கொண்டிருக்க முடியும். அவள் கோபமாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இன்னைக்கு நின்னீங்களே அண்ணே. அன்னைக்கு ஏண்ணே உட்கார்ந்தீங்க?"

வாழ்நாள் முழுவதும் பிறரைக் கேள்வி கேட்ட மனிதர் அந்தக் கேள்விக்கு முன்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாற்பத்தோராம் பக்கத்தைச் சொல்லலாம், குழாயைச் சொல்லலாம், தொட்டி வேறு பிரிவு என்று சொல்லலாம். பக்கத்தில் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுப் பிள்ளைன்னு நினைச்சிட்டேம்மா" என்றார்.

தையல்காரம்மா, முடிக்க வேண்டிய துணி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டுக்கு அடியில் இருந்த தன் மெஷினுக்குத் திரும்பிப் போனாள்.